அப்பா தூங்குறாரு

குளிர் முதலில் என் இடது காதுக்குள்தான் புகுந்தது, போர்வெல் கம்ப்ரசரின் இரைச்சல் தின்று மிச்சம் வைத்த காது, வெளியே ஈரோடு மேட்டூர் ரோட்டில் தார் இளகுகிற வெயில், மாடியேறிக் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் இப்படி ஒரு குளிர், பிணம் வைக்கிற பெட்டியைத் திறந்த மாதிரி, அதற்குள் புது பிளாஸ்டிக் வாசனை, அதற்கும் உள்ளே மல்லிகை மாதிரி ஏதோ பீய்ச்சி வைத்திருக்கிறார்கள், மல்லிகை இல்லை அது. சுவர் நெடுக லேப்டாப்புகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே அருவி. ஒரே நேரத்தில் விழுகிறது, ஒரே நேரத்தில் தெறிக்கிறது, துளி சத்தமில்லை. தண்ணீர் என்றால் எனக்குச் சத்தம்தான். பூமியைத் துளைத்துக்கொண்டே போய், புழுதி, புழுதி, புழுதி, திடீரென்று குழாய்க்குள் ஒரு உறுமல், அப்புறம்தான் தண்ணீர். ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு கிடந்த காலத்தில் அந்த உறுமலுக்குத்தான் ராத்திரியெல்லாம் முழித்திருந்தோம். இது ஊமைத் தண்ணீர். பார்க்கப் பார்க்க எனக்குத்தான் மீதிக் காதும் போய்விட்டதோ என்று பயம் வந்து, சும்மா ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டேன். கேட்டது. பக்கத்தில் நின்ற தார்ணிகாவுக்கும் கேட்டது, சட்டென்று திரும்பினாள், அப்புறம் ஒன்றுமில்லை என்பதுபோல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள். இதற்கு ஏன் திரும்ப வேண்டும், அப்பன் செருமினால் ஒரு பெண் திரும்ப வேண்டுமா என்ன.

தூக்கிட்டுப் போற மாதிரி வேணுங்ப்பா. அதுதான் அவள் சொன்னது, வண்டியில் வரும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. விளையாடணும், வரையணும், பொம்மை உருவமெல்லாம் செஞ்சு அதை நடக்க வெக்கணும், அதுக்குத் தாங்கணும், ஆனா தூக்கிட்டுப் போற மாதிரி வேணும். எங்கே தூக்கிக்கொண்டு போக? மாடியிலிருந்து கீழேயா, கூடத்திலிருந்து சமையலறைக்கா? நான் கேட்கவில்லை. முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்கிறான், இது எனக்கு எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை, திருச்செங்கோட்டில் பழைய ரிக் வண்டிகளை வாங்கி விற்று, ஏமாந்து, மறுபடி ஏமாந்து, மூன்றாம் தடவை ஏமாற்ற வந்தவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கற்றுக்கொண்டது. எனக்குத் தெரியும் எங்கே என்று. போன வாரம் என் வீட்டுக்காரி பூங்கொடி தயிர் ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்துச் சொன்னாள், "பெங்களூர்ல ஒரு கம்பெனில நம்ம தாருவைக் கேம் செய்யக் கூப்புட்டிருக்காங்களாமா." "யாரு, யாரைக் கூப்புட்டாங்க?" என்றேன். அவ்வளவுதான், சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. தார்ணிகாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நான் ஒன்று முடிவு செய்துவிட்டேன். வாங்கித் தருகிறேன். கேட்டதைவிடப் பெரிதாக, கேட்டதைவிட நல்லதாக, மேசைமேல் வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கிற மாதிரி, ரெண்டு கையால் தூக்கினாலும் மூச்சு வாங்குகிற மாதிரி ஒன்றை. இவ்வளவு பெரிய மிஷின் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு இன்னொரு ஊர்? அதுதான் என் பேரம். அவளுக்குத் தெரியாமல் அவளோடு நான் நடத்துகிற பேரம். கனமானது என்றால் இருப்பாள். லேசானது என்றால் போவாள். இந்தக் குளிர் பெட்டிக்குள் இன்றைக்கு முடிவாக வேண்டியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கடைக்காரன் பேச்சு.

கடைக்காரன் பெயர் அப்சல். சட்டைப் பையில் எழுதி மாட்டியிருந்தான். முதலாளி இல்லை, சேல்ஸ் பார்க்கிறவன், ஆனால் முதலாளியைவிட நன்றாகச் சிரித்தான். "வாங்ணா, வாங்க மேடம், கேமிங்குக்கா, எடிட்டிங்குக்கா?" "ரெண்டுக்கும்ங்க" என்றாள் தார்ணிகா. அவன் இரண்டை இழுத்து முன்னால் வைத்தான். ஒன்று எருமைக்கன்று மாதிரி, கருப்பு, அகலம், அதன் சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல். இன்னொன்று சாம்பல் நிறம், மூடினால் பள்ளிக்கூட அட்லஸ் தடிமன்தான் இருக்கும். "இது பெருசுங்ணா. பெரிய ஸ்கிரீன், பெரிய ஃபேன், எவ்வளவு நேரம் அடிச்சாலும் அசராது. ஆனா சார்ஜரைக் கழட்டினா சீக்கிரம் படுத்துக்கும், ஒரே எடத்துல வெச்சுத்தான் ஓட்டணும். இது சின்னது, ஹேண்ட்பேக்ல போயிரும், கலர் அச்சு அசலாக் காட்டும், வரையறவங்க இதைத்தான் கேப்பாங்க. வேகத்துல கொஞ்சம் அடக்கி வாசிக்கும். வெலைதான் தூக்கல்." நான் சாம்பல் நிறத்தைப் பார்த்தேன், பார்த்துத் திட்ட ஆரம்பித்தேன். வேண்டிய பொருளை நான் பார்க்கவே மாட்டேன், வேண்டாததைத்தான் பார்ப்பேன், அதன் குறையைத்தான் பேசுவேன், வேண்டியது தானாகப் பக்கத்தில் நின்று விலை குறையும். "என்ன இது, தகரமா? அப்பளமாட்ட இருக்குது, உக்காந்தா நொறுங்கிப் போயிரும்." "யாருங்ணா லேப்டாப்பு மேல உக்காரப் போறாங்க?" என்றான் அப்சல். தார்ணிகா சிரித்துவிட்டாள். சிரித்ததை உடனே மடக்கி வைத்துக்கொண்டாள். அவள் அவனிடம் என்னென்னவோ கேட்டாள், ரேம் பின்னாடி ஏத்திக்கலாமா, ஸ்கிரீன்ல பச்சை எவ்வளவு உண்மையா வரும், சூடானா வேகம் கொறையுமா என்று. அவன் பதில் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டினாள், பழைய வண்டியின் இன்ஜினைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது நான் ஆட்டுகிற அதே ஆட்டம். எப்போது பார்த்தாள் அதை? அவளை நான் ஒரு நாளும் ரிக் வண்டி ஷெட்டுக்குக் கூட்டிப் போனதில்லையே.

"ஓட்டிக் காட்டுய்யா" என்றேன், "சும்மா அருவியக் காட்டிட்டு." இன்ஜின் என்றால் ஓடும்போது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், பொய் சொல்கிற இன்ஜின் கையில் தெரிந்துவிடும். எருமைக்கன்றின் பக்கவாட்டில் கம்பி கம்பியாகத் திறந்திருந்த இடத்தில் கையை வைத்தேன். மூச்சு. வெதுவெதுப்பான மூச்சு, நிதானமாக, தூங்குகிறவன் விடுகிற மாதிரி. கையை எடுத்துக்கொண்டேன். சத்தீஸ்கரில் ஒரு காட்டுக்குப் பக்கத்தில் போட்ட குழி, தண்ணீர் வரவில்லை, கல்லும் வரவில்லை, துளைக்கத் துளைக்கப் போய்க்கொண்டே இருந்தது, விடிகாலையில் நிறுத்திவிட்டு குழி வாயில் சாக்கைச் செருகினோம், கொஞ்ச நேரத்தில் சாக்கு மெல்ல மேலே எழும்பியது, அப்புறம் மெல்ல உள்ளே போனது. எழும்பியது. போனது. கூட இருந்தவர்கள் எட்டிப் போய் நின்றுகொண்டார்கள், மேஸ்திரி அதெல்லாம் காற்றழுத்தம்டா, வாங்கடா என்றார், நான் மட்டும் குனிந்து காதை வைத்தேன், அப்போது ரெண்டு காதும் இருந்தது. கீழே ஒருத்தன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்படித்தான் எனக்குக் கேட்டது. எழுப்பிவிடக் கூடாது என்று நினைத்ததும் ஞாபகமிருக்கிறது, ஏன் அப்படி நினைத்தேனோ. "நான் செஞ்சதையே ஓட்டிப் பாக்கறேனுங்ப்பா, அப்பத்தான் தெரியும்" என்று தார்ணிகா பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். முதலில் பெரியதில் போட்டாள், அப்புறம் சின்னதிலும் போட்டாள். ரெண்டும் கருப்பாகின. கருப்பில் என் முகம் ரெண்டாகத் தெரிந்தது, பின்னால் ஊமை அருவிகள். அப்புறம் வெளிச்சம் வந்தது, எங்கள் வீடு வந்தது.

எங்கள் வீடுதான். அதேபோன்ற வீடு இல்லை, எங்கள் வீடு. சிவப்புச் சிமெண்டுத் தரை, பூங்கொடி பலகாரம் பொரித்த அன்றைக்கு எண்ணெய் சிந்தி, போகாமலே கிடக்கிற கறை, கூடத்து ஜன்னலில் கழன்ற ஒரு கொக்கி, அதில் கட்டிய சணல் கயிறு, கதவுக்குப் பின்னால் தொங்குகிற என் சட்டை, அதன் பையில் பேனா துருத்திக்கொண்டிருக்கிறது. வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் நாற்கட்டமாக விழுந்திருக்கிறது, மத்தியான வெயில், அதில் தூசி பறக்கிறது, ஒவ்வொரு தூசியாகப் பறக்கிறது. "என்ன மேடம், இது நீங்க செஞ்சதா?" என்று அப்சல் குனிந்தான். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன், என் வீட்டை எடுத்துக்கொண்டு வந்து மேட்டூர் ரோட்டில் கடையில் வைத்திருக்கிறாள், பென் டிரைவில், என்னைக் கேட்காமல். அவள் விசையை அழுத்த அழுத்தப் படம் நகர்ந்தது, நாங்கள் வீட்டுக்குள் போனோம், ஆனால் ஏதோ சரியில்லை, எல்லாம் உயரமாக இருந்தது, மேசை என் மார்புக்கு நின்றது, தாழ்ப்பாள் தலைக்கு மேலே போய்விட்டது. "ஏன் சாமி எல்லாம் இத்தனை ஒசரமாத் தெரியுது?" "ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப என்ற ஒசரம்ங்ப்பா." கூடத்து மூலை திரும்பியது. கட்டில். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி ஒரு ஆள், வெறும் முதுகு, தோளில் துண்டு, வெடித்த குதிகால், முதுகு ஏறி ஏறி இறங்குகிறது. இடுப்புக்கு மேலே குறுக்காக ஒரு தழும்பு, ஒரு பக்கம் வளைந்து, நுனியில் இரண்டாகப் பிரிந்து. ரிக்கில் சூடான ராடு பட்ட தழும்பு என் முதுகில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், விரலால் தடவியிருக்கிறேன், பூங்கொடி எண்ணெய் போட்டிருக்கிறாள். அது நுனியில் பிரிந்திருப்பது எனக்குத் தெரியாது. என் முதுகை நான் பார்த்ததே இல்லை. எவன்தான் பார்த்திருக்கிறான்.

"அது யாரு?" என்றேன், தெரிந்துகொண்டே. "அது வந்து, கேம்ல வர்ற கேரக்டருங்ப்பா." "என்ன பண்றான்?" "தூங்குறாருங்ப்பா." அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். அப்சல் என்னைப் பார்த்தான், திரையில் இருந்த துண்டைப் பார்த்தான், மறுபடி என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தான், சரியான ஆள், பேச்சை மாற்றி, "வெளையாட்டு என்னங்க மேடம்?" என்றான். "வாசக்கதவைத் தாண்டி வெளிய போகணுங்க. அவரு முழிச்சுக்காம. அவ்வளவுதான் கேம்." மத்தியானத் தூக்கம். சட்டென்று எனக்குக் கோபம் வந்தது, யாரிடம் என்று தெரியாமல். எதற்காக அந்தத் தூக்கம் என்று இவளுக்குத் தெரியுமா? ரிக் ஓடுவது ராத்திரி. தூங்குவது பகல், லாரிக்கு அடியில், அனலில், தலைக்கு ஒரு செங்கல். அந்தத் தூக்கம் கெட்டால் ராத்திரி துளைக்கிற ராடு மாட்டும்போது கண் ஒரு நொடி சொருகும், ஒரு நொடி போதும். கூட வேலை செய்த சங்ககிரிப் பொன்னுசாமியை ஒரு மத்தியானம் யாரோ சும்மா, சீட்டாட ஆள் குறைகிறது என்று எழுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவன் வலது கை போய்விட்டது. அதனால்தான் சொன்னேன், பூங்கொடி கல்யாணமாகி வந்த புதிதிலேயே சொன்னேன், மத்தியானம் சோற்றுக்கப்புறம் வீட்டில் சத்தம் கூடாது. ரிக்கை விட்டு வியாபாரத்துக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ராத்திரியெல்லாம் நன்றாகத்தான் தூங்குகிறேன், ஆனால் அந்தத் தூக்கம் நிற்கவில்லை, உடம்பு கேட்கிறது, கை போய்விடும் என்று உடம்புக்குப் பயம், என்ன செய்ய. இதையெல்லாம் யார் செய்து காட்டுவார்கள் திரையில்? முதுகு மட்டும் செய்து வைத்திருக்கிறாள்.

கோபத்தை எங்கேயாவது கொட்ட வேண்டும், பேரம் இருக்கவே இருக்கிறது. எருமைக்கன்றின் பக்கம் அப்சலைத் திருப்பினேன், விலையைக் கேட்டேன், சொன்னான், நான் கத்தினேன். என் பேரமே சத்தம்தான். கடையில் இருக்கிற மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும், இந்த ஆள் போனால் போதும் என்று விற்கிறவனுக்குத் தோன்ற வேண்டும், அந்தத் தோன்றலுக்கு ஒரு விலை உண்டு, அது என் லாபம். "என்னய்யா வெலை இது, வெளக்கு எரியற பொட்டிக்கு? நாங்கெல்லாம் லாரியே வாங்கி வித்தவங்க, எங்ககிட்டயே..." "அப்பா" என்றாள் தார்ணிகா. "இரு நீ." "அப்பா, கேமு ஓடுது. மைக்கு ஆன்ல இருக்குதுங்ப்பா." மைக்காவது மண்ணாவது என்று திரும்பினேன். ரெண்டு திரையிலும் கட்டிலில் இருந்த ஆள் மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தான். முதுகு அப்படியே நின்றது. பிறகு ஒரு இருமல் கேட்டது, என் இருமல், கம்மிப்போய், கடைசியில் இழுத்து, என் தொண்டைக்குள் நான் ஒன்றும் செய்யாமலேயே வெளியிலிருந்து வந்தது. ஆள் எழுந்து உட்கார்ந்தான், எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே. படம் பட்டென்று பின்வாங்கி ஓடியது, மேசைக்கு அடியில் புகுந்தது, மேசைக் கால்களுக்கு நடுவில் தரை தெரிந்தது, வெயில் கட்டம் தெரிந்தது, வெடித்த குதிகால் சிமெண்டில் உரசுகிற சத்தம். சரக். சரக். நிதானமாக. எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டே வருகிற நடை. மேசைக்கு முன்னால் ரெண்டு பாதங்கள் வந்து நின்றன.  திரை கருப்பானது.

"சத்தம் வந்தா முழிச்சுக்குவாரு" என்றாள் தார்ணிகா அப்சலிடம், என்னிடம் இல்லை. "கேமுக்குள்ள வர்ற சத்தம் மட்டுமில்லீங்க. வெளையாடறவங்க ரூம்ல என்ன சத்தம் வந்தாலும் மைக்குல கேட்டு முழிச்சுக்குவாரு. அதுனால வெளையாடறவங்களும் மூச்சக் காட்டாம வெளையாடணும்." அப்சல் "பயங்கரங்க" என்றான், உண்மையாகவே சொன்னான்.  "இருமலை எப்போ எடுத்தே?" "போன்லதாங்ப்பா. கதவுக்கு வெளிய நின்னு." "சரி, புடிச்சுட்டானே, அப்புறம்?" "மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்." "அதைக் கேக்கல. அந்த ஆளு வந்து நிக்கறான். அப்புறம் என்ன பண்றான்?" அவள் விசைப்பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "தெரியலீங்ப்பா" என்றாள். "அதுவரைக்கும் நான் நின்னதில்லை." நின்றதில்லை. நான் என்ன செய்திருப்பேன்? தேடிப் பார்க்கிறேன், ஷெட்டில் பழைய சாமான் குவியலில் ஒரு நட்டைத் தேடுகிற மாதிரி, கை வைத்த இடமெல்லாம் ஏதோ தட்டுப்படுகிறது, எது என்று தெரியவில்லை. எழுந்ததும் எனக்கு நினைவே வராது, பகல் தூக்கத்திலிருந்து எழுப்பினால் நான் எங்கே இருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியாது, லாரிக்கு அடியிலா, வீட்டிலா, கத்துவேன், கத்தியது என்ன என்று சாயங்காலம் கேட்டால் எனக்குத் தெரியாது. அவளை அடித்ததில்லை. அடித்ததில்லைதானே. திரையில் மறுபடி வீடு வந்தது, மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பள்ளம், காரை பெயர்ந்து, சொம்பு பட்ட மாதிரி, ஏழெட்டு வயதுப் பெண்ணின் தலை மட்டத்தில். "இது என்னது?" "அது அங்கதானங்ப்பா இருக்குது" என்றாள், ஜன்னலைக் காட்டுவதுபோல. எங்கள் கூடத்தில் அப்படி ஒரு பள்ளமா? தினமும் அந்தச் சுவரைத்தான் பார்க்கிறேன். பார்க்கிறேனா? நான் தூங்கும்போது பார்ப்பது எதிர்ச்சுவரை.

"சூடு பாக்கணுங்ப்பா, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றாள், அவள் கடைசியில் எதற்கு வந்திருக்கிறாளோ அதைத்தான் செய்தாள், ரெண்டின் அடிப்புறத்திலும் கை வைத்துப் பார்த்தாள், திரையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறத்தைப் பார்த்தாள். பெரியதில் நிழல் உடையாமல் வருகிறது என்றாள். சின்னதில் வெயில் வெயிலாகவே இருக்கிறது என்றாள். குசுகுசுவென்று. அப்சலும் குசுகுசுவென்று, "அதான் மேடம் நானும் சொல்றேன்" என்றான். அந்தப் பக்கம் மவுஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, என்ன ஏது என்று தெரியாமலே, குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கல்லாவில் இருந்தவன் டிராயரை மெல்லச் சாத்தினான். கடை முழுக்க ஓசை அடங்கிக்கொண்டே வந்தது, ஏசியின் இரைச்சல், ரெண்டு மிஷின்களின் மூச்சு, ரெண்டு கட்டிலில் ரெண்டு முதுகு ஏறி இறங்குவது, அவ்வளவுதான் மிச்சம். யாரோ ஒருத்தர் மாடிப்படியில் ஏறி வந்து, கதவைத் தள்ளி, எல்லோரும் இருக்கிற இருப்பைப் பார்த்துவிட்டு, கதவைக் கையால் பிடித்துச் சத்தமில்லாமல் மூடினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது இது என்ன இடம் என்று. இது என் வீடு. நான் தூங்குகிறபோது இருக்கிற என் வீடு. இத்தனை வருஷம் அந்த வீட்டுக்கு மத்தியில் நான்தான் படுத்திருக்கிறேன், ஆனால் ஒரு நாளும் அதற்குள் இருந்ததில்லை. இப்படித்தான் இருந்திருக்கும், பூங்கொடி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் தரையில் பரப்பி வைத்திருப்பாள், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஓடிப்போய் அடுப்பை அணைத்திருப்பாள், ரெண்டு பேரும் கண்ணால் பேசியிருப்பார்கள், வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருப்பார்கள். நான் அமைதியான குடும்பம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். முதல் தடவையாக முழித்துக்கொண்டு அதற்குள் நிற்கிறேன், எனக்கே எச்சில் விழுங்கப் பயமாக இருக்கிறது.

"யாராச்சும் வெளிய போயிருக்காங்களா?" என்று கேட்டேன். எனக்கே கேட்காத குரலில் கேட்டேன், இப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது தெரியாது. "என்ற பிரெண்ட்சு ரெண்டு பேரு போயிட்டாங்க. நான் போனதில்லீங்ப்பா." "நீதான செஞ்சே?" "நான்தான் செஞ்சேன்" என்றாள். "தாழ்ப்பாள்கிட்டப் போனா, திரும்பிப் பாத்துருவேனுங்ப்பா, அவரு முழிச்சுட்டாரான்னு. அந்த நேரத்துல தரையில வெயிலு கட்டம் நகந்துரும், அதுதான் டைமு, கேமு முடிஞ்சுரும்." பெங்களூர்க்காரர்கள் பார்த்தது இதைத்தானா என்று கேட்க வந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் நான்தான் முதலில் வாயைத் திறந்தவன் ஆவேன். அவர்கள் பார்த்திருப்பார்கள். என் தழும்பை, என் துண்டை, யாரோ கண்ணாடி போட்ட ஆட்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. நாலு ஊர் வியாபாரிகள் முகத்துக்கு நேராகப் பேசப் பயந்த சென்னியப்பன் என்கிற என்னைத் தெரியாதவர்கள் என் முதுகுக்குப் பயந்திருப்பார்கள். பிடித்திருக்கிறது, கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பெரியதை வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த மேசையில், அந்தச் சுவருக்குப் பக்கத்தில், அது உட்காரும். அவள் அதன் முன்னால் உட்காருவாள். பின்னால் கட்டிலில் நான் தூங்குவேன். அவள் திரைக்குள் நான் தூங்குவேன். நடுவில் அவள். மைக்கு ரெண்டு பக்கமும் ஆனில் இருக்கும்.

அப்சல் என் பக்கத்தில் வந்து காதோரம் குனிந்தான், கெட்ட காதுப் பக்கம், நான் தலையைத் திருப்பி நல்ல காதைக் கொடுத்தேன். "பெருசுன்னா ஓனர்கிட்டப் பேசி நல்லாக் கொறச்சுத் தர்றனுங்ணா. பையும் மவுஸும் சும்மா வரும். சின்னதுல மட்டும் ஒரு பைசா அசைக்க முடியாது. கேக்கறவங்க வரிசையில நிக்கறாங்க." ஒரு பைசா அசைக்க முடியாது என்று என்னிடம் சொல்கிறான். கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து அந்தக் கத்தல், கம்ப்ரசரைத் திறந்துவிட்டதும் ரப்பர் ஹோஸ் பாம்பு மாதிரித் தலை தூக்குமே அப்படி, நெஞ்சுக்கு வந்து, கழுத்து நரம்புக்கு வந்து, வாய்க்குள் வந்து நின்றது. முப்பது வருஷத்தில் அதை நான் உள்ளே விழுங்கியதில்லை. அதை விழுங்கியிருந்தால் இன்றைக்கும் ராடுதான் மாட்டிக்கொண்டிருப்பேன், அந்தச் சத்தம்தான் எனக்கு வீடு கட்டியது, சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டது, இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தது, நான் ஏன் விழுங்க வேண்டும்? தார்ணிகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் கோபமாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையில் இருந்த முதுகைப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல். அதில் என்ன தெரிந்ததோ, தோள் ரெண்டும் மெல்லக் காதுப் பக்கம் உயர்ந்தது, மூச்சு நின்றது. அங்கே முதுகு அசைவதற்குள் இங்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டாவதுக்குப் பில்லுப் போடு" என்றேன். அப்சலுக்குக் கேட்கவில்லை. "எதுங்ணா?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். "லேசானது. தூக்கிட்டுப் போறது." விலை பேசவில்லை. பேசியிருந்தால் கத்தியிருப்பேன், குறைத்திருப்பேன், கட்டாயம் குறைத்திருப்பேன், அது இப்போதும் நாக்கில் துடிக்கிறது. தார்ணிகா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை. ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருத்தரைப் பஸ்ஸில் பார்த்து, இவரா என்று யோசிக்கிற மாதிரி. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த ஊரின் பெயராகத்தான் இருக்கும். நான் முந்திக்கொண்டேன், "அங்க ரூம்ல ஒண்டியாவா இருப்பே, கூட யாராச்சும் இருப்பாங்களா?" என்று கேட்டேன். முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். "கூட ரெண்டு பொண்ணுங்க இருப்பாங்கப்பா" என்றாள், அவளுக்குக் கண் கலங்கிற்றா, அல்லது திரை வெளிச்சமா, எனக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்குள் அந்தச் சின்னத் திரையில் கட்டில் கிறீச்சிட்டது.

குசுகுசுப்புத்தான். குசுகுசுப்புக்குக்கூட அவனுக்குக் காது இருக்கிறது, எனக்கில்லாத காது. முதுகு நின்றது. தோள் மெல்ல மேலே வந்தது, துண்டு நழுவி விழுந்தது, கை ஒன்று கட்டில் விளிம்பைப் பிடித்தது, தலை சுவரை விட்டு எங்கள் பக்கம் திரும்பத் தொடங்கியது. இவ்வளவு நேரம் முதுகுதான் பார்த்திருக்கிறேன், எழுந்து வந்தபோதும் பாதம்தான். "முகம் வெச்சிருக்கியா, சாமி?" என்று கேட்டேன், உதட்டால் மட்டும்.  நான் கேட்டதே அவளுக்குக் கேட்டிருக்காது. தலை திரும்பிக்கொண்டே இருந்தது, காது வந்தது, தாடையில் நரைத்த முள் வந்தது, ஒவ்வொரு முள்ளாகத் தெரிந்தது, நிறம் அச்சு அசல். என் கால் பின்னால் ஒரு எட்டு எடுக்கப் பார்த்தது. என் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது அவள் கை. பிடித்த பிடி அவள் பிடி இல்லை, பூங்கொடியின் பிடி, எத்தனையோ மத்தியானங்களில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பூங்கொடி இவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியாக இருக்க வேண்டும்.

"அசையாதீங்ப்பா" என்றாள் என் நல்ல காதில். "ஒண்ணுமில்லை. புரண்டுதான் படுக்கறாரு."

நான் அசையவில்லை.